சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வீடு

பாலக்கரையில் ரோசரி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் படிக்க வேண்டும். அவ்வளவு காகிதம் ஒட்டியிருக்கும். திங்கட்கிழமை என்ன குழம்பு, செவ்வாய்க்கிழமை எந்த மாத்திரை, கேஸ் எப்போது புக் பண்ண வேண்டும், கரண்ட் போனால் டார்ச் எங்கே, டார்ச் எரியாவிட்டால் மெழுகுவர்த்தி எங்கே. மெழுகுவர்த்தியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. அதையும் யோசித்து வைத்திருப்பாள், கேட்டால் சொல்லுவாள்.

ஒரு ஸ்கூல் ஆபீசில் முப்பத்து நாலு வருஷமாகக் கிளார்க். அட்மிஷன் நேரத்தில் அங்கே எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். "உங்களுக்கு டென்ஷனே வராதா மேடம்?" என்று புதிதாக வந்த பெண்கள் கேட்பார்கள். "வரும். வர்றதுக்கு முன்னாடியே நான் ரெடியா இருப்பேன், அது வந்து பாத்துட்டுப் போயிடும்" என்பாள். சும்மா பெருமைக்குச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனால் தெரியும். ஒரு வாரத்துக்கான புடவை, ஒரு வாரத்துக்கான சட்டை, உரித்த பூண்டு, துருவிய தேங்காய் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

கொடுத்து வைத்த மனுஷி என்று ஊர் நினைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் அற்புதசாமிக்கு மறதி நோய் வந்தது.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினவர் அவர். நூல் பிசகாமல் வேலை செய்கிற கை. முதலில் சாவியை மறந்தார், பிறகு வீதியை மறந்தார், போன வருஷத்திலிருந்து சில நாள் ரோசரியையும் மறந்தார். டாக்டர் நல்லவர், ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "இது கூடும்மா, குறையாது. நீங்க உங்களத் தயார் பண்ணிக்கிங்க."

தயார் பண்ணுவதா? அவளுக்கா சொல்லித்தர வேண்டும்! அன்றைக்கே புது நோட்டு வாங்கிவிட்டாள்.

அவர் சட்டை ஒவ்வொன்றின் காலருக்கு உள்பக்கமும் சிவப்பு நூலில் தன் போன் நம்பரைத் தைத்தாள். குளியலறைக் கதவில் வாளி படம் வரைந்து ஒட்டினாள். பகலில் அவள் ஆபீஸ் போகிற நேரத்துக்குப் பக்கத்துப் போர்ஷன் ஹாஜிராவை ஏற்பாடு செய்தாள். ஹாஜிரா ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஜன்னலுக்கு வெளியே மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான கேட். அந்த கேட் நாள் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சத்தத்தை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் நம்பியது அற்புதசாமியின் வாயை.

மனுஷன் எதை மறந்தாலும் மரியாதையை மறக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது, வீட்டுக்குள் ஆள் இருக்கோ இல்லையோ, திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்பார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். அந்தக் குரல் கேட்டதும் ஹாஜிரா மிஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். "அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்பாள். டீயைக் குடித்து முடிப்பதற்குள் எங்கே கிளம்பினோம் என்பது அவருக்கு மறந்துவிடும்.

பூட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நாள் வெளியே பூட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கதவில் அடித்து அடித்து அவர் கை பிளந்திருந்தது. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அவளையே கேட்டு அழுதார். அன்றோடு அந்தப் பூட்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டாள்.

பெங்களூரிலிருந்து மகள் ஜென்சி வாரத்துக்கு ஒரு முறையாவது ஆரம்பிப்பாள். "அம்மா, லால்குடி ரோட்டுல, இப்படி மறந்து போறவங்களப் பாத்துக்கற சிஸ்டர்ஸ் ஹோம் இருக்கு. ஃபார்ம் கூடக் குடுத்து வச்சிட்டேன். நீ சரின்னு சொன்னாப் போதும்."

"ஜூன் முப்பது வரைக்கும்தான்டி. ரிட்டயர் ஆயிட்டா நானே கூட இருந்து பாத்துக்குவேன். அவரு ஒரு நாள் முழிச்சுப் பாத்து, இது யாரு வீடுன்னு கேட்டா, உங்க வீடுதான்னு சொல்ல நான் பக்கத்துல இருக்கணும்ல?"

அப்போது பிப்ரவரி. இன்னும் நாலு மாசம் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் புண்ணியவதி கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை.

கடவுளிடம் கேட்பதிலும் ஒரு பிளான் வேண்டுமா? வருஷம் பிறந்ததும் பங்குக் கோயிலுக்குப் போய், அந்த வருஷத்தில் எந்த நாள் யாருக்காகப் பூசை என்று பூசைக் கருத்துகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். மற்றவர்கள் முந்தின நாள் ஓடிப்போய் எழுதுவார்கள், இவள் ஜனவரியிலேயே முடித்துவிடுவாள். ஒரு சீட்டில் பெயர், தேதி, அதற்குக் கீழே "உடல்நலம்", "நன்றி", "ஆன்ம இளைப்பாற்றி" என்று மூன்று. எது வேண்டுமோ அதை வட்டம் போட வேண்டும். மாமனார், மாமியார், அப்பா, அம்மா, தம்பி என்று இறந்த தேதிகளுக்கெல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றிலும் இறந்தவர்களுக்கான அந்தக் கடைசி வார்த்தைக்கே வட்டம். அதே வேகத்தில் அற்புதசாமியின் பிறந்தநாள் சீட்டையும் எழுதினாள்.

கேஸ் புக் பண்ணினோமா என்று இரண்டு தரம் பார்க்கிறவள், அதை ஒரு தரம் கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அவள் நேரம்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அவருக்கு அறுபத்து நாலு முடிந்தது. புது வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வழிய வாரின தலை. காலைப் பூசைக்கு அழைத்துக்கொண்டு போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்தாள். உபதேசியார் மைக்கில் கருத்துகளை வாசித்தார். "இன்றைய திருப்பலி, மரித்த அற்புதசாமி அவர்களின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய, மனைவி ரோசரி மற்றும் குடும்பத்தார்."

வேகவேகமாக வட்டம் போட்ட அந்தச் சீட்டு ரோசரிக்கு ஞாபகம் வந்தது. ஐயோ, என் கையா இதை எழுதியது? திரும்பிப் பார்த்தாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. அவள் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அற்புதசாமி தவறிட்டானா? எப்போ?"

"இல்லங்க. தப்பா வாசிச்சிட்டாங்க. நீங்கதான் அற்புதசாமி."

"நல்ல மனுஷனாச்சே" என்றார். "பட்டறையில நாங்க ஒண்ணாத்தான் வேலை பாத்தோம்."

சரி, பத்து மணிக்கெல்லாம் மறந்துவிடுவார் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். காலையில் சாப்பிட்ட இட்லியையே மத்தியானம் இல்லை என்று சாதிக்கிற ஆள். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. அவர் மறக்கவில்லை. மூன்று வருஷமாக எத்தனை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருப்பாள்! கல்யாண நாள், மகள் பெயர், தன் பெயர். எதுவும் நிற்கவில்லை. இது மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அதற்கும் காரணம் உண்டு. அற்புதசாமி நல்மரண சபையில் முப்பது வருஷம் இருந்தவர். பங்கில் யார் இறந்தாலும் முதல் ஆளாகப் போய் நின்று, செபம் சொல்லி, பெட்டிக்குத் தோள் கொடுத்து, கல்லறை வரைக்கும் போய் வருகிற சபை. துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவருக்கு ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை, உடம்பே செய்யும்.

அவள் பாயசத்துக்குப் பால் வைக்கப் போனாள். பின்னாலேயே வந்து அடுப்பை அணைத்தார்.

"என்னம்மா நீங்க? துக்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கலாமா? நீங்க போய் உக்காருங்க. அக்கம் பக்கத்துல கொண்டாந்து குடுப்பாங்க."

நீங்க! முப்பத்தாறு வருஷமாக "ஏ ரோசரி" என்று கூப்பிட்ட வாய்.

அவள் சும்மா விடவில்லை. ஆதார் கார்டை எடுத்துக் காட்டினாள். "பாவம், இதையெல்லாம் பத்திரமா வச்சுக்கிங்க, சர்டிபிகேட் எடுக்கக் கேப்பாங்க" என்றார். கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். உள்ளே இருந்த கிழவரைப் பார்த்துத் தலையசைத்துத் துக்கம் விசாரித்தார். கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, "இது நீங்க, இது நான்" என்றாள். வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, பிறந்தநாளுக்காக மாதா படத்துக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, அந்தப் போட்டோவுக்குச் சாத்தி, நாற்காலியில் நிமிர்த்தி வைத்துவிட்டார்.

ஜென்சியை வீடியோ காலில் கூப்பிட்டாள். மகள் சொல்லட்டும், மகள் சொன்னால் கேட்பார். "அப்பா, ஹாப்பி பர்த்டேப்பா" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் உடைந்துபோய் அழ ஆரம்பித்தாள். "பிள்ளை பாரு, அப்பா போன துக்கத்துல என்னமா அழுவுது" என்று அவரும் கண்ணைத் துடைத்தார். இதற்கு என்ன செய்வது? சொல்லுங்கள், எந்த நோட்டில் இதற்கு வழி எழுதியிருக்கும்?

மத்தியானம் ஹாஜிரா சாம்பாரும் சாதமும் கொண்டுவந்தாள். அதைச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்ன, முதல் உருண்டையை ரோசரியிடம் நீட்டினார்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க. அழுதுட்டே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆவும்? அவனைப் பாத்துப் பாத்து நீங்க எளச்சுப் போயிட்டீங்க. தனியா எப்படிம்மா சமாளிக்கப் போறீங்க?"

இந்த மூன்று வருஷத்தில் எல்லாரும் அவளிடம், "அவர் எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டது இவர் ஒருத்தர்தான், அதுவும் செத்துப்போன தனக்காக. அவள் வாயைத் திறந்து அந்த உருண்டையை வாங்கிக்கொண்டு, ஓ என்று அழுதாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறந்தநாள் அப்படித்தான் போயிற்று.

வியாழக்கிழமையும் லீவு போட்டாள். அன்றைக்கும் அதே கதை. இரண்டு நாளும் ஹாஜிரா வீட்டுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை போயே ஆக வேண்டும், பிராக்டிகல் தேர்வுக் கட்டுகளை இவள் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். "ரெண்டே மணி நேரம் ஹாஜிரா. காதை மட்டும் கேட் பக்கம் வச்சுக்க."

"நீங்க போயிட்டு வாங்கக்கா. அண்ணன் குரல் குடுத்தா நான் பாத்துக்க மாட்டேனா?"

ஹாஜிராவைக் குறை சொல்ல முடியாது. அவள் இடத்தை விட்டு அசையவில்லை. கண் ஊசியில் இருந்தது, காது அந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருந்தது. பத்தரை மணிக்கு டீ கொண்டு போனால் நாற்காலியில் மாலை போட்ட போட்டோ மட்டும் இருந்தது. செருப்பும் இல்லை, ஆளும் இல்லை.

போனில், "அக்கா, அண்ணன் சொல்லவே இல்லக்கா. சத்தியமா சொல்லல" என்று ஹாஜிரா கதறினாள். ஆபீசில் நின்றுகொண்டிருந்த ரோசரிக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல மாட்டார். எப்படிச் சொல்லுவார்? துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாராவது "போயிட்டு வரேன்" என்று சொல்லுவார்களா? சொல்லிக்கொள்ளாமல்தானே எழுந்து போவார்கள்? முப்பது வருஷம் துக்க வீடுகளுக்குப் போய் வந்தவர், முறை தவறாமல் நடந்துகொண்டார். அந்த வீட்டைத் துக்க வீடாக்கியது இவள் போட்ட ஒரு வட்டம்.

வீட்டுக்கு ஓடி வந்தாள். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், யார் கண்ணிலும் படாத இடத்தில், "காணாமல் போனால்" என்று ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். ஏழு வரி. ஒன்று, போலீஸ் ஸ்டேஷன். இரண்டு, போட்டோ, பத்துப் பிரதி, பீரோ மேல் தட்டு. மூன்று, கோயில். நாலு, கல்லறைத் தோட்டம். ஐந்து, அரியமங்கலம் பட்டறை. ஆறு, இரண்டு பஸ் ஸ்டாண்டும். ஏழு, ஆஸ்பத்திரி. ஹாஜிராவின் வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார், கோயில் பிள்ளைகள் நாலு பேர் கிளம்பினார்கள். ஒவ்வொன்றாக அவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு மணிக்கு ஏழாவது வரியும் முடிந்துவிட்டது. எங்கேயும் அவர் இல்லை.

எட்டாவது வரி இல்லை. பேனாவைப் பிடித்தபடி அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக, அடுத்து என்ன செய்வது என்று ரோசரிக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிப்ரவரியிலேயே இப்படி வெயில் அடிக்கிறதே, தண்ணீர் குடித்தாரோ, ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்தாரோ. ஆண்டவரே, அவரை மட்டும் கொண்டுவந்து விடு, நான் ஜூன் முப்பது கேட்க மாட்டேன். என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று மணிக்கு லால்குடி ரோடு இல்லத்துக்கு அவளே போன் பண்ணினாள். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிடைச்சிடுவாரும்மா. மாதா கைவிட மாட்டாங்க. கட்டில் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். ரோசரி, "சரிங்க சிஸ்டர்" என்றாள். எட்டாவது வரியாக அதை எழுதவும் செய்தாள்.

நாலேகாலுக்கு ஒரு தெரியாத நம்பர்.

"அம்மா, நான் ஆட்டோ பாலு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துலருந்து பேசறேன். இங்க ஒரு பெரியவர் காலையிலருந்து படிக்கட்டுல உக்காந்திருக்காரு. சட்டைக் காலர்ல உங்க நம்பர் தச்சிருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு. தயிர்சாதம் வாங்கிக் குடுத்தேன், சாப்பிட்டாரு."

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார். காவிரிக் கரையில் காரியம் செய்கிற கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கியிருக்க வேண்டும். யார் காரியத்துக்கு வந்தீங்க என்று கேட்டவர்களிடமெல்லாம், "அற்புதசாமி. இன்னும் கொண்டுவரலையா?" என்று விசாரித்தபடி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். பிறகு நாலு மணிக்கு எழுந்து பாலுவின் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து, "பாலக்கரைக்குப் போகணும் தம்பி, நேரமாச்சு, வீட்டுல தேடுவா" என்றாராம்.

ஆட்டோ வந்து நின்றபோது தெருவே கூடியிருந்தது. ரோசரி ஓடினாள். அவர் இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, கையைக் காட்டித் தடுத்தார்.

"ஏ ரோசரி, கிட்ட வராத. துக்க வீட்டுக்குப் போயிட்டு வரேன். தண்ணி எடுத்துட்டு வா."

ரோசரி! பெயர் வந்துவிட்டது, பழைய குரல் வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹாஜிரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரோசரி வாளி நிறையத் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து, கேட்டோரம் கல்லில் அவரை உட்கார வைத்து, தலையில் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி முகத்தைக் காட்டினார்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது?

"நம்ம பட்டறை ஆளு. அவன் போயிட்டான், அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அந்தம்மாதான் பாவம் ரோசரி. தனியாக் கெடந்து தவிக்குது. ஒரு வாய் சோறு எறங்கல, நான்தான் ஊட்டி விட்டேன். கேக்க ஒரு நாதி இல்ல."

அவள் அடுத்த சொம்பை ஊற்றினாள்.

"அந்தம்மா இனிமே என்னங்க பண்ணும்?"

"என்னத்தப் பண்ணும்? நம்மளால என்ன பண்ண முடியும்?" என்றார். தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அதை வழித்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாம். நீயும் வா. பக்கத்துல பொம்பள ஆளு இருந்தா அதுக்கு ஒரு ஆறுதலா இருக்கும். வருவல்ல?"

நாளைக்கு இல்லத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியில் வைக்க வேண்டிய சட்டைகளை அவள் ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள். எட்டு சட்டை, காலர் எல்லாவற்றிலும் நம்பர்.

"வரேங்க" என்றாள் ரோசரி.